இரண்டாம் எண் தொகுதி

நேபாளத்தின் மேற்குக் கோடியில் நான் பார்த்தேயிராத ஒரு மலைத் தொகுதியின் தேர்தல் வரலாறு எனக்கு மனப்பாடம். எந்தத் தேர்தலில் மரச் சின்னம் ஜெயித்தது, எதில் சூரியன் ஜெயித்தது, எந்தப் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்த முறை ஓட்டுப்பெட்டி பனியில் மாட்டிக்கொண்டு வழியிலேயே தங்கியது என்றெல்லாம் சொல்வேன். கல்லூரியில் காலமெல்லாம் அரசியல் அறிவியல் நடத்தியவன்தான் நான். ஆனால் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் இருந்தவர் சாயங்காலங்களில் சொல்லக் கேட்டது.

அந்த வரலாற்றின் கடைசித் தேர்தல் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது. அதில் அவருடைய தங்கை வேட்பாளராக நின்றார். அண்ணன் ஊருக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். போகவிடாமல் செய்தவன் நான். அவர் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ எழுதப்போவதில்லை. செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் மனைவி இறந்த மறு வருஷம் நம் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. முதல்முறையாகத் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். கேட்டைத் திறந்தவர் என் விரலைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல கட்டைவிரல்ல வைப்பாங்க சார், மை."

அதுவரை அவரிடம் குட்மார்னிங் தவிர வேறொன்றும் பேசியதில்லை. குடியிருப்பில் எல்லாரும் அவரைக் கூர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் கூர்க்கா இல்ல சார், நாங்க வேற ஆளுக" என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டவர். கப்பலூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேலையைத் தொடங்கி, வாலிபத்தை முழுக்க மதுரையிலேயே கழித்தவர். தாயும் மனைவியும் ஊரில் இருந்தார்கள். அவருடைய தமிழ் நம்ம ஊர்த் தமிழ்.

"நீ கடைசியா எந்தத் தேர்தல்ல போட்ட?" என்று கேட்டேன்.

"நான் ஒருதடவகூடப் போட்டதில்ல சார். பதினெட்டு முடியுறதுக்கு முன்னாடியே இந்தியா வந்துட்டேன். எலக்சன் வரும்போதெல்லாம் நான் இங்கதான் நிப்பேன்."

ஓட்டே போடாத அந்த மனிதருக்கு அவருடைய தொகுதியைப் பற்றித் தெரியாதது இல்லை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு போனிலும், கப்பலூரில் வேலை செய்யும் சொந்த ஊர்க்காரர்களோடு பேசுகிற ஒவ்வொரு விடுமுறையிலும் அவர் விசாரித்து விசாரித்துச் சேர்த்து வைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் நான் கீழே இறங்கி வந்து எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மழை நாட்கள் தவிர எல்லாச் சாயங்காலமும் அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. கொஞ்ச நாளில் சார் என்பது அண்ணே ஆனது.

கதை அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்குகிறது. கட்சிகள் வேண்டுமா வேண்டாமா என்று ராஜா ஜனங்களிடம் கேட்ட வாக்கெடுப்பு. எழுத்துத் தெரியாத ஊர் என்பதால் இரண்டு நிறங்கள். இப்படியே இருக்கட்டும் என்றால் நீலம். கட்சிகள் வரட்டும் என்றால் மஞ்சள். "எங்கப்பா மஞ்சள்ல குத்துனாரு. நீலம் ஜெயிச்சிருச்சு. ஊர்ல ரொம்ப நாள் அவருக்கு மஞ்சக்காரன்னுதான் பேரு."

பிறகு கட்சிகள் வந்தன. மாவட்டத்துக்கு இரண்டு தொகுதிகள். அங்கே தொகுதிக்குத் தனிப் பெயர் கிடையாது. மாவட்டத்தின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும்தான். அவருடையது இரண்டாம் எண். முதல் தேர்தலில் மரம். நடுவிலேயே ஆட்சி கவிழ்ந்து அடுத்து வந்ததில் சூரியன்.

"சூரியனா?" என்று சிரித்தேன்.

"எங்க சூரியன் வேற, ஒங்க சூரியன் வேறண்ணே. குழப்பிக்கிறாதீங்க. கப்பலூர் வந்த புதுசுல செவுரு பூரா சூரியனப் பாத்துட்டு, நம்மாளுக இம்புட்டுத் தூரம் வந்துட்டாய்ங்களான்னு நானே ஆடிப் போயிட்டேன்."

அவருடைய அப்பாவுக்கு ஒரு கவலை இருந்தது. சின்னத்தின் மேல் சுவஸ்திக் முத்திரையைக் குத்தியவுடன், மை காய்வதற்குள் சீட்டை மடித்துவிட்டார். மடிப்பில் மை எதிர்ப்பக்கத்துச் சின்னத்திலும் ஒட்டியிருக்குமோ, தன் ஓட்டைத் தள்ளியிருப்பார்களோ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்தவன். மடிப்பில் ஒட்டிய மை எது, குத்திய மை எது என்று பார்த்தாலே தெரியும், எங்கள் விதிப்படி அது நல்ல ஓட்டு என்று சொன்னேன். "அங்கயும் அதே விதிதான். ஒங்கப்பா ஓட்டு எண்ணிக்கையில சேந்திருக்கும்" என்று அடித்தும் சொன்னேன். அங்கே என்ன விதி என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, பொய் என்று அதை நான் எண்ணவில்லை. அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

பிறகு சண்டைக் காலம். பல வருஷம் தேர்தலே இல்லை. காட்டுக்குள் இருந்த போராளிகளைக் கண்டாலும் பயம், சீருடைக்காரர்களைக் கண்டாலும் பயம் என்று ஊர் ஆண்கள் எல்லாரும் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள். சண்டை ஓய்ந்து அரசியலமைப்பு எழுதுவதற்கு ஒரு தேர்தல் வந்தபோது, வாக்குச்சாவடியில் ஆண்கள் வரிசையில் நாலைந்து கிழவர்கள். பெண்கள் வரிசை மலை வளைவு தாண்டிப் போயிற்றாம். "எங்க தங்கச்சி மொத ஓட்டு அதுதான். போன்ல சொல்லுச்சு, அண்ணே, இந்த ஊர்ல ஆம்பளைங்கறது போட்டோல மட்டும்தான் இருக்குன்னு."

அதற்குப் பிறகு தொகுதிகளை மறுபடி வகுத்தார்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி ஆனது. இரண்டாம் எண் இல்லாமல் போனது. கடைவீதியும் பஸ் போகிற சாலையும் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில். ஜனமும் அங்கேதான் அதிகம். அப்போதிலிருந்து எந்தக் கட்சியானாலும் வேட்பாளர் அந்தப் பக்கத்து ஆள்தான். இவர்கள் பக்கம் ஓட்டுக் கேட்கக்கூட யாரும் மலையேறுவதில்லை.

போன வருஷம் அந்த நாட்டு இளைஞர்கள் தெருவில் இறங்கி ஆட்சியே மாறியது. புதிதாகத் தேர்தல் அறிவித்தார்கள். ஒரு சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். தங்கை சுயேச்சையாக நிற்கப் போகிறாள். ஊர்க் காட்டைப் பராமரிக்கும் குழுவுக்குத் தலைவி. விறகு எடுப்பதற்கு முறை வைத்து, காட்டை மறுபடி வளர்த்துக் காட்டியவள். இரண்டாம் எண் போனபின் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நிற்கிற முதல் ஆள். சின்னம் தண்ணீர்க்குடம்.

இரண்டாம் மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் அம்மா இருக்கிறார். வாய் ஓயாதவர். காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர் இதைக் கேட்டுவிட்டு நின்றார். "எங்க ஊர்ல கொடத்தக் குடுத்து ஓட்டு வாங்குவாங்க. ஒன் தங்கச்சி கொடத்துக்கே ஓட்டுக் கேக்குதாக்கும்! பொழச்சுக்கும் போ."

அவர் சிரித்தார். பொருளாளர் அம்மா மேலே போன பிறகு என்னிடம் கேட்டார்.

"ஒரு மாசம் லீவு வேணும்ணே. அப்பா இல்ல. மச்சான் மலேசியாவுல, கம்பெனில விட மாட்டாங்க. வீட்டுல ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான். நெத்தியில திலகம் வச்சு அனுப்பணும், கூட நடக்கணும். ஒரு ஓட்டுப் போடணும். கப்பலூர்ல எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், அதுவரைக்கும் கேட்டப் பாத்துக்குவான். கமிட்டில நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

சங்கத்துக்கு நான்தான் தலைவர். வேறு யாரும் வர மறுத்ததால் என் தலையில் கட்டியது. கேட்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. தண்ணீர் லாரி தாமதமாக வருவதைப் பற்றிப் பேசினோம், லிஃப்ட் நின்று நின்று போவதைப் பற்றிப் பேசினோம். வேறு ஏதாவது உண்டா என்று பொருளாளர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன்.

சாயங்காலம் கீழே போய், "ஒத்துக்கலப்பா. ஆள் மாறுறதுக்குப் பயப்படுறாங்க" என்றேன்.

அவர் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். "நீங்க சொல்லியுமாண்ணே?"

"நான் சொல்லியும்."

ஏன் செய்தேன் என்பதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. முந்தின வருஷம் அவர் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார். அந்த நாட்களில் நான் பேசியதெல்லாம் பால்காரரிடம் ஒரு வார்த்தை, பெங்களூரில் இருக்கும் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு இன்னோர் அறையில் உட்கார்ந்திருப்பேன், யாரோ வீட்டில் இருப்பது போல. இந்த முறை ஒரு மாதம். தங்கை ஜெயித்துவிட்டால் அவர் திரும்பியே வரமாட்டார் என்றும் பட்டது. கமிட்டியில் கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

நான் பிறந்தது சமயநல்லூருக்கு மேற்கே. அப்பா நிலமில்லாத கூலி. ஓட்டுப் போடும் நாளன்று பண்ணைக்காரர் ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிற வயலில் வேலை வைத்துவிடுவார். பொழுது சாய்ந்து அப்பா திரும்பி வரும்போது சாவடியைப் பூட்டியிருப்பார்கள். ஒரு தேர்தலில் வேலையை விட்டுவிட்டு நடந்தே போய்ப் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் அவருக்கு வேலை இல்லை. இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், பண்ணைக்காரரின் மேல் பிள்ளைகளுக்குக் கோபம் வரும்படி.

தேர்தலுக்கு முந்தின நாட்களில் அவர் சாயங்காலம் முழுக்கப் போனும் கையுமாக இருந்தார். ஒருநாள் தங்கை வீடியோ காலில் வந்தார். கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் காய்ந்த திலகம், பின்னால் சுவர் போல மலை. என்னைக் காட்டி ஏதோ சொன்னார் அண்ணன். தங்கை கைகூப்பி, மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"என்ன சொல்லுது?"

"அந்தப் பக்கம் ஓட்டுக் கேக்கப் போனாளாம். இவ வீட்டு ஆம்பளையே இவளுக்கு ஓட்டுப் போட வரல, நாம எதுக்குப் போடணும்னு மைக்குல பேசுறாய்ங்களாம்." போனை என் பக்கம் சாய்த்தார். "ஒங்களுக்கு நன்றி சொல்றா. எனக்காக நீங்க கமிட்டில பேசுனீங்கன்னு சொல்லிருந்தேன்."

அப்போதுகூட நேரம் இருந்தது. அன்றைக்கே ரயில் ஏறியிருந்தால் ஓட்டு நாளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் போனைப் பார்த்துக் கைகூப்பினேன்.

தங்கை தோற்றார். அதை அவர் சொன்ன விதம் "போயிருச்சுண்ணே", அவ்வளவுதான். ஊர்ச் சாவடியில் எப்படி, பள்ளத்தாக்கில் எப்படி, அந்தப் பக்கம் எவ்வளவு என்று பழைய தேர்தல்களுக்கெல்லாம் பிரித்துப் பிரித்துச் சொன்னவர், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மனது ஆறட்டும், பிறகு சொல்வார் என்று நானும் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பொருளாளர் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

"ஏம்ப்பா, தங்கச்சி எலக்சனுக்கு நீ ஏன் போகல? நான் நீ போயிருவேன்னுல்ல நெனச்சேன்."

"லீவு குடுக்கலையேம்மா."

"யாரு குடுக்கல? கேட்டாத்தான குடுக்குறதுக்கு! கூடப்பொறந்தவ நிக்கிறா, போகாதன்னு சொல்ல நாங்க என்ன கல்லா? நல்ல ஆளுப்பா நீ." பிரசாத விபூதியை அவர் கையில் வைத்துவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"நான்... அன்னைக்கு லாரி பிரச்சினையில கேட்க மறந்துட்டேன்ப்பா. மறந்துட்டேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"மறந்துட்டீங்களா சார்" என்றார். கேள்வியாகக்கூட இல்லை. விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, வந்த காருக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.

மறுநாள் என் நாற்காலி அங்கேயேதான் இருந்தது. அவர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் உட்கார்ந்தால் எழுந்து நின்றார். உட்காரு என்றால், "இருக்கட்டும் சார்" என்றார். நிற்கிற மனிதர் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? நாலாம் நாள் நாற்காலியை நானே எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

அதற்குப் பிறகு நம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தெருவெல்லாம் ஒலிபெருக்கி. வெயில் ஏறுவதற்குள் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பள்ளிக்கூட வாசலிலிருந்து எங்கள் கேட் வரை நடந்து வருகிற தூரத்தில் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன் என்பதைக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தேன்.

"போட்டாச்சா சார்?" என்று கேட்டைத் திறந்தார்.

கையை வெளியே எடுத்தேன். "தம்பி, நான் மறக்கல. கமிட்டில வேணும்னேதான் கேட்கல."

"தெரியும் சார்."

"எப்ப தெரியும்?"

"அந்தம்மா சொன்ன அன்னைக்கே. நீங்க மறக்குற ஆளா? எங்க தொகுதிக் கதையில எனக்கே மறந்ததெல்லாம் நீங்க எடுத்துக் குடுக்குறீங்க. லீவ மட்டும் மறந்துட்டேன்னா யாரு நம்புவா?"

"ஏன்னு கேட்க மாட்டியா?"

"சொல்லுங்க சார்."

"நீ போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல. தங்கச்சி ஜெயிச்சா அங்கயே இருந்துருவன்னு பயந்தேன்."

ஓட்டுப் போடப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ கடந்து போனது.

"அத அப்பவே சொல்லிருக்கலாம்ல சார்? தெனம் சாயங்காலம் போன் போட்டிருப்பேன். இன்னைக்கு எந்த ஊருக்குப் போனோம், யாரு என்ன சொன்னாங்கன்னு அங்கருந்தே சொல்லிருப்பேன். ஒங்களுக்கும் நல்லாருந்திருக்கும்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிச்சுக்க என்றேன். "வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றார்.

போகும்போது கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "ஊர்ச் சாவடில தங்கச்சிக்கு எப்படி விழுந்துச்சு?"

"அத விடுங்க சார்."

அடுத்த கூட்டத்தில் அவருக்கு லீவு வேண்டும் என்று முதல் விஷயமாக எடுத்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் எல்லாரும் சரி என்றுவிட்டு லிஃப்ட் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். அதற்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. எதற்காக அவர் லீவு கேட்டாரோ அந்தத் தேர்தல் முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாங்கிக்கொண்டார். எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். தங்கைக்கு ஒரு சுங்குடிச் சேலை வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுக்கிற துணிச்சல் வரவில்லை. அலமாரியில் இருக்கிறது.

"திரும்பி வருவல்ல?"

"பாப்போம் சார். அடுத்து வர்ற உள்ளாட்சி எலக்சன்ல அவ மறுபடி நிக்கப் போறாளாம். இந்தத் தடவ கூட இருக்கணும்."

சொன்ன மாதம் முடிந்து இன்னொரு மாதமும் போய்விட்டது. கேட்டில் இப்போது அந்தக் கப்பலூர்ப் பையன் நிற்கிறான். தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. பார்த்ததும் சல்யூட் அடிக்கிறான்.

அந்த நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் முடிவுகள் எல்லாம் இருக்கின்றன. மகனிடம் கேட்டு எடுத்துப் பார்த்தேன். எழுத்துப் புரியவில்லை. சின்னங்களின் படம் மட்டும் புரிகிறது. மேலே மேலே பெரிய சின்னங்கள், வெகுவாகக் கீழே ஒரு தண்ணீர்க்குடம். அதற்கு எதிரே அவர்கள் எண்களில் ஏதோ எழுதியிருக்கிறது. அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு பொழுது போதும். கற்றுக்கொள்ளவில்லை. மற்ற தேர்தல்களையெல்லாம் அவர் வாயால் கேட்டேன். இதையும் அவர் சொன்னால்தான் எனக்குத் தெரிய வேண்டும், சொல்லாவிட்டால் தெரிய வேண்டாம்.

விரலில் மை நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் போனை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்காருகிறேன். அங்கிருந்து மலை தெரியும், கேட்டும் தெரியும். நானாக அவரைக் கூப்பிடுவதில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு உள்ளே போகிறேன்.